நாலு அங்குலப் பந்து

"சோப்புத் தண்ணியைக் காதுல ஊத்துங்கம்மா, கண்ணுல ஊத்தாதீங்க!"

மாடிப்படி முடிகிற இடத்தில், கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே தலையை நீட்டி, மண்டியிட்டிருந்தார் கட்டட இன்ஸ்பெக்டர். உடம்பு இந்தப் பக்கம். தலை மட்டும் அந்தப் பக்கம், பன்னிரண்டு அடி உயரத்தில், கீழே ஹாலைப் பார்த்தபடி.

டீச்சர் குவளையை வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றேகால்.

நாலு மணிக்குப் பெற்றோர்கள் இடம் பார்க்க வருகிறார்கள். ஒன்பது குழந்தைகள், எல்லாம் ரெண்டும் மூணும் வயசு. அவர்களுக்குப் பிடித்துப்போனால் திங்கட்கிழமை இந்த மாடியில் அவளுடைய குழந்தைகள் காப்பகம் திறக்கும். பிடிக்காவிட்டால், பள்ளிக்கூட வேலையை விட்டது முட்டாள்தனம் என்று கணவன் சொன்னது உண்மையாகிவிடும். அவன் சொல்வது உண்மையாவதை அவளால் தாங்கவே முடியாது.

அரைமணி நேரத்துக்கு முன்புதான் வந்தார் மனிதர். நரைத்த தலை, மடிப்புக் கலையாத சட்டை. "கட்டடப் பாதுகாப்பு. மாடிக் கைப்பிடியைப் பார்க்கணும்." ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டுக் குடித்தார். பாத்ரூம் எங்கே என்று கேட்டுப் போய்வந்தார். பிறகு மாடியேறி, கம்பிகளுக்கு நடுவே விரல்களை விரித்துப் பார்த்தார்.

"இடைவெளி ஜாஸ்தி. நாலு அங்குலப் பந்து ஒண்ணு, எந்த இடத்துலயும் இதுக்குள்ள நுழையக் கூடாது. அதான் விதி."

"பந்து எங்க சார்?"

"ஆபீஸ்ல இருக்கு."

டீச்சர் விடவில்லை. பீரோவைத் திறந்து, வீட்டுப் பத்திரத்தோடு இருந்த சான்றிதழை எடுத்து வந்து நீட்டினாள். "பாருங்க. வீடு கட்டினப்பவே சோதனை பண்ணி, எல்லாம் சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க. பதினாலு வருஷமாச்சு. ஒருத்தரும் விழல."

பூரான் ஊர்ந்தது போலிருந்த அந்தக் கையெழுத்தை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தரும் விழலேங்கறது நல்ல விஷயம்மா. ஆனா அது கம்பியோட சாமர்த்தியம் இல்ல."

"இந்தச் சந்துல போய் யார் சார் தலையை விடப் போறாங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, அவள் கையில் கொடுத்தார். மண்டியிட்டார். காதுகளைப் பின்னால் அழுத்திக்கொண்டு ஒரே தள்ளு. தலை போய்விட்டது.

வரத்தான் மறுத்தது.

சோப்பு வேலைக்கு ஆகவில்லை. எண்ணெயைத் தடவினாள். எண்ணெயும் சோப்பும் சேர்ந்து தரையெல்லாம் வழுக்க, இன்ஸ்பெக்டரின் முழங்கால் நழுவி, தலை இன்னும் ஓர் அங்குலம் உள்ளே போனது.

"என்னங்க! சீக்கிரம் வாங்க!"

கணவன் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். எந்தப் பிரச்சினைக்கும் அவனிடம் இருக்கிற மருந்து, வண்டியின் டிக்கியில்தான் இருக்கும். நேரே போய் ஜாக்கியைக் கொண்டுவந்தான்.

"நகரு. காரையே தூக்கற ஜாக்கி, கம்பியை நகர்த்தாதா?"

இன்ஸ்பெக்டர் கழுத்து இருந்த சந்தில் கைவைக்கக் கூசி, வலது பக்கத்துச் சந்தில் ஜாக்கியைப் பொருத்திச் சுற்றினான். அந்தச் சந்து அழகாக விரிந்தது.

"மாஸ்டர்... மாஸ்டர்! அந்தப் பக்கம் விரிஞ்சா இந்தப் பக்கம் சுருங்கும்! என் காது!"

மாஸ்டர் பதறி எதிர்த்திசையில் சுற்ற, ஜாக்கியின் கைப்பிடி கழன்று கீழே ஹாலில் விழுந்தது. ஜாக்கியும் மாட்டிக்கொண்டது.

"வண்டி ஓட்டவே நாலு பேருக்குச் சொல்லிக் குடுக்கறீங்களே, ரிவர்ஸ் தெரியாதா?" என்றாள் டீச்சர். "சார், உங்க ஆபீஸுக்குப் போன் பண்ணட்டுமா?"

"வேணாம்!" கம்பியே அதிர்ந்தது. பிறகு தணிந்த குரலில், "வேணாம்மா. தீயணைப்பு நிலையத்துக்குப் போடுங்க." நிலையத்தின் நம்பரை மூச்சுவிடாமல் ஒப்பித்தார்.

தீயணைப்பு வண்டிக்கு முன்னால் பெற்றோர்கள் வந்துவிட்டார்கள். பத்து நிமிஷம் முன்னதாகவே.

வாசலில் நுழைந்த ஏழெட்டுப் பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். மேலேயிருந்து எண்ணெய் வழியும் ஒரு தலை, "வாங்க, வாங்க" என்றது.

"இவரு... பாதுகாப்புச் சோதனைக்கு வந்திருக்கார்" என்றாள் டீச்சர். பொய்யில்லை. 

அவள் படியிறங்கி ஒவ்வொருவருக்கும் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தபோது, ரெண்டு வயசுப் பெண்குழந்தை ஒன்று யாருடைய கையிலிருந்தோ நழுவி, படிகளில் தவழ்ந்து மேலே போனதை யாரும் கவனிக்கவில்லை. அதற்கு இந்த மாமா என்ன விளையாட்டு விளையாடுகிறார் என்று பார்க்க வேண்டும். அவருக்கு இடது பக்கத்துச் சந்தில் அதுவும் தலையை விட்டது. தலை போனது. தோள் போனது. சிக்குவதற்கு அதனிடம் எதுவும் இல்லை; வயிறும் வழுக்கிக்கொண்டு போனது.

கீழே ஒரு தாய் அலறினாள்.

இன்ஸ்பெக்டரால் திரும்பிப் பார்க்க முடியாது. இந்தப் பக்கம் கை மட்டும்தான் அசைக்கிற மாதிரி இருந்தது. அந்தக் கை துழாவி, ஒரு பிஞ்சுக் கணுக்காலைப் பற்றியது. பிடி விடவில்லை. ஜாக்கியின் கைப்பிடியைத் தேடி ஹாலுக்கு இறங்கியிருந்த மாஸ்டர் பாய்ந்து வந்து குழந்தையை உள்ளே இழுக்கும்வரை விடவில்லை.

குழந்தை சிரித்தது. வேறு யாரும் சிரிக்கவில்லை.

டீச்சர் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கையில் இன்னும் அவருடைய கண்ணாடி இருந்தது. ஒன்பது பெயர்களைக் கலர் பேப்பரில் வெட்டி மேலே சுவரில் ஒட்டியிருந்தாள். திங்கட்கிழமை இந்தப் படியில் ஒன்பது பேர் ஏறியிருப்பார்கள். அவளுக்கு இருப்பது ரெண்டு கை.

தீயணைப்பு வீரர்கள் வெட்டுகிற இயந்திரத்தோடு ஏறி வந்தார்கள். "எந்தக் கம்பிம்மா? இந்த ரெண்டு போதுமா?"

"எல்லாத்தையும் வெட்டுங்க" என்றாள்.

"எல்லாத்தையுமா?" என்றான் மாஸ்டர்.

"எல்லாத்தையும்தாங்க. புதுசு போட்டப்புறம்தான் காப்பகம். ஒரு மாசம் ஆனாலும் சரி."

பெற்றோர்களை நிமிர்ந்து பார்த்தாள். எல்லோரும் கிளம்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தாள். அலறிய அந்தத் தாய், குழந்தையை இறுக்கிக்கொண்டு, "ஒரு மாசம் காத்திருக்கோம் டீச்சர்" என்றாள்.

கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்து விழுந்தன. இன்ஸ்பெக்டர் தலையை வெளியே எடுத்து, சிவந்த காதுகளைத் தடவிக்கொண்டு, கண்ணாடியை வாங்கி மாட்டினார். அடியோடு காலியாகிவிட்ட கைப்பிடியைப் பார்த்தார். டீச்சருக்குத் தெரியாமல் லேசாகச் சிரித்ததுபோல இருந்தது.

தீயணைப்பு வீரர்களில் மூத்தவர் இயந்திரத்தை அணைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து அவரையே பார்த்தார்.

"சார், நீங்க ரிட்டயர் ஆன இந்த ரெண்டு மாசத்துல இது மூணாவது வீடு. சர்வீஸ்ல இருந்தப்ப அளக்காம கையெழுத்துப் போட்டது இன்னும் எத்தனை வீடுன்னு ஒரு லிஸ்ட் குடுத்துடுங்க, நீங்க தலையை விடாமலே வந்து வெட்டிக் குடுத்துடறோம்!"