குழலியின் முதல் ஆட்டம் பற்றி மச்சானின் தீர்ப்பு

விம்கோ நகர்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அசோகன் அவர்களுக்கு, உங்கள் மச்சான் வேலப்பன் எழுதுவது. இங்கே என் தங்கை தாயம்மாவும் உங்கள் மகள் கார்குழலியும் நலம். என் கடைவாய்ப் பல்லைத் தவிர நானும் நலம். சவூதியில் தம்மாம் துறைமுகத்தில் நீங்களும் உங்கள் கிரேனும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டுகிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் தாயம்மா பக்கத்தில் நின்று வரிக்கு வரி திருத்துவாள். லீவில் வந்திருக்கும் உங்கள் கூட்டாளி மஜீது நாளை மறுநாள் அங்கே திரும்ப விமானம் ஏறுகிறான். அவன் பெட்டியில், கருவாட்டுப் பொட்டலத்துக்கு மேலே இந்தக் கடிதம் இருக்கும். வாசனைக்கு மன்னிக்கவும்.

போன வாரம் நீங்கள் என்னிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்தீர்கள். "மச்சான், பொண்ணு காலேஜ் டீம்ல ஃபுட்பால் ஆடுதாம், சனிக்கிழம மொத மேட்ச்சு. நீ பத்தொம்போது வருசம் ஆடுனவன். போய்ப் பாத்துட்டு தேறுமா தேறாதான்னு நீயே சொல்லு. தேறாதுன்னா நிறுத்திட்டு ஒழுங்கா படிக்கட்டும்" என்றீர்கள். எனக்கு நெஞ்சு ஒரு சுற்று பெருத்தது உண்மை. வியாசர்பாடி மைதானத்தில் ரைட் பேக்காக நின்றவனைத் தேடி இத்தனை வருடம் கழித்து ஒரு தீர்ப்பு வேலை வந்திருக்கிறதே என்று பழைய டீம் பனியனைத் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்தேன். தொப்புள் வரைதான் வந்தது. மேலே ஒரு சட்டையை மாட்டிக்கொண்டேன்.

முதல் அதிர்ச்சி வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. குழலி சாப்பிட்டுக்கொண்டே, "அம்மா, மோகனப்ரியா அக்காவுக்கு கால் சுளுக்கிகிச்சு. நாளைக்கி நான்தான் குவாட்டர்பேக்கு" என்றாள். தாயம்மா கையில் இருந்த கரண்டி குழம்புச் சட்டிக்குள் போய்விட்டது. "அண்ணா, குவாட்டர்னு சொல்றாளே, இன்னாண்ணா அது" என்று என்னைக் கேட்டாள். எனக்கும் தெரியாது. ஃபுல்பேக் தெரியும், ஹாஃப்பேக் தெரியும், இது கால்வாசி பேக்காக இருக்கும், புதுசா வந்த ஏற்பாடு என்று சொல்லிச் சமாளித்தேன்.

சனிக்கிழமை என் பழைய டீமில் கோல் காத்த கோலி அத்தாவுல்லாவையும் கூட்டிக்கொண்டு எண்ணூர் பக்கம் இருக்கும் அந்தக் காலேஜ் மைதானத்துக்குப் போனேன். மாப்பிள்ளை, அங்கே கோல் போஸ்ட் இல்லை. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. திருடு போய்விட்டதோ என்று மகிமா என்கிற கோச்சிடம் கேட்டேன், சின்னப் பெண்தான். "இதுல கோல் போஸ்ட்டே கெடையாது அங்கிள், இது ஃப்ளாக் ஃபுட்பால்" என்றது. பந்தைக் காட்டச் சொன்னேன். உரிக்காத தேங்காய் மாதிரி இரண்டு பக்கமும் கூராக ஒன்றை எடுத்து நீட்டியது. ஆட வந்த பெண்கள் அத்தனை பேர் இடுப்பிலும் ரிப்பன் தொங்கியது. பந்து வைத்திருப்பவளுடைய ரிப்பனை எதிராளி உருவிவிட்டால் ஆட்டம் அங்கேயே நிற்குமாம். இடிக்கக் கூடாது, தள்ளக் கூடாது. அப்படியானால் நாங்கள் பத்தொன்பது வருடம் எதற்கு இடித்தோம் என்று கேட்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஆட்டம் தொடங்கியது. ஒரு பெண் குனிந்து பந்தைத் தன் கால் இடுக்கு வழியாகப் பின்னால் வீச, குழலி அதை இரண்டு கையாலும் பிடித்தாள். எனக்கு ரத்தம் தலைக்கேறி "ஹேண்ட் பால், ஹேண்ட் பால்" என்று கத்தியதில் மைதானமே திரும்பிப் பார்த்தது. குழலி முகத்தை மூடிக்கொண்டாள். அத்தாவுல்லா மட்டும், "எல்லாருமே கோலிதான் போல கீது வேலா, நல்ல ஆட்டம்" என்று காலை நீட்டி உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் ரெஃப்ரி இடுப்பிலிருந்து ஒரு மஞ்சள் துணி நழுவித் தரையில் விழுந்தது. மனிதர் கவனிக்கவில்லையே என்று உள்ளே ஓடிப் பொறுக்கி, "சார், கர்ச்சீப் விழுந்துட்சி" என்று நீட்டினேன். தப்பு நடந்தால் அவரே வேண்டுமென்றே வீசுவாராம். தயவுசெய்து இன்னொரு முறை உள்ளே வராதீர்கள், வந்தால் வெளியே அனுப்பிவிடுவேன் என்றார். என் வாழ்நாளில் எந்த ரெஃப்ரியும் என்னிடம் 'தயவுசெய்து' போட்டுப் பேசியதில்லை. அதுவும் ஒரு அதிர்ச்சிதான்.

இனி உங்கள் மகள் விஷயம். அவள் வேலை பந்தை வாங்கி, ஓடுகிற கூட்டாளிக்கு எறிவது. முதல் பந்தை நேராக எதிர் டீம் பெண்ணின் மடியில் போட்டாள். இரண்டாவதை என்னிடம் எறிந்தாள். கோட்டுக்கு வெளியே வந்த பந்தை மார்பில் வாங்கி அழகாகத் திருப்பி உதைத்தேன். அந்த முட்டைப் பந்து என் காலை மதிக்காமல் பின்பக்கமாகச் சுவரைத் தாண்டி, துறைமுகத்துக்கு வரிசை கட்டி நின்ற கன்டெய்னர் வண்டி ஒன்றின் மேலே போய் உட்கார்ந்தது. நான் போய் டிரைவரிடம் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே வரிசை நகர்ந்துவிட்டது. வேகாத வெயிலில் காத்திவாக்கம் திருப்பம் வரை கூடவே ஓடினேன். பந்தோடு திரும்பினால், வேறு பந்தை வைத்து முதல் பாதியையே முடித்திருந்தார்கள்.

இடைவேளையில் குழலி வந்தாள். கண் சிவந்திருந்தது. "மாமா, அப்பாகிட்ட இன்னா சொல்லப் போற?"

"பாத்தத சொல்லுவேன்."

"மூணு பந்த எதிராளிகிட்ட குடுத்துட்டேன். நானே எண்ணிகினுதான் கீறேன், நீ வேற எண்ணாத."

"கீழ வெச்சி உதைச்சிப் பாரேன்" என்றேன், ஏதோ நல்லது சொல்ல வேண்டுமே என்று. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தண்ணீர் குடித்துப் போய்விட்டாள்.

கடைசி நிமிடத்தில் நம் டீம் ஏழு புள்ளி பின்தங்கியிருந்தது. எதிர் டீமில் தடித்த பெண் ஒருத்தி குழலியை நோக்கிப் பாய்ந்து வந்தாள். நானாக இருந்தால் பந்தைப் போட்டுவிட்டு ஓடியிருப்பேன். இவள் நின்றாள். கை எட்டும் தூரம் வரை நின்று, மூலையில் ஓடிய ஜானட் என்ற குட்டிப் பெண்ணுக்கு எறிந்தாள். அவள் பிடித்துக் கோட்டைத் தாண்டினாள், ஆறு புள்ளி. அதற்குப் பிறகு கூடுதலாக ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள், பிடித்தால் ஒரு புள்ளி, ஆட்டம் சமம். மறுபடி ஜானட்டுக்கே எறிந்தாள். பந்து தரையில் விழுந்தது. ஒரு புள்ளியில் தோற்றோம். கடைசிப் பந்தை உயரமாகப் போட்டது தன் தப்பு என்று குழலியே கோச்சிடம் சொன்னதை என் காதால் கேட்டேன்.

ஆகவே மாப்பிள்ளை, என் தீர்ப்பு இது. இது ஃபுட்பாலே இல்லை. முக்கியமான பந்தை அவளால் போடவும் முடியவில்லை. தேறாது. நிறுத்திவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

வெயிலில் தலைக்குத் துண்டு கட்டிக்கொள்ளுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நீங்கள் நல்லபடியாக ஊர் திரும்ப வயதில் மூத்தவன் என்கிற முறையில் ஆசி சொல்லி முடிக்கும்,
உங்கள் மச்சான்
வேலப்பன்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை இப்போதுதான் அத்தாவுல்லாவிடம் படித்துக் காட்டினேன். கன்டெய்னர் வண்டி வரைக்கும் சிரித்தான். முடிவில் சிரிக்கவில்லை. "அந்தப் பந்து உயரமாவா போச்சு? நீயும் பாத்த, நானும் பாத்தேன்" என்றான். பார்த்தேன். பந்து ஜானட்டின் இரண்டு உள்ளங்கையிலும் வந்து உட்கார்ந்தது. அவள்தான் விட்டாள். விட்டுவிட்டுத் தரையில் குந்தி அழுதாள். கோச் வருவதற்குள் குழலி முந்திக்கொண்டு போய், "உயரமா போட்டுட்டேன் மேடம், என் தப்பு" என்றாள். அதைக் கேட்டபோது எனக்கு வந்ததுதான் நேற்றைய பெரிய அதிர்ச்சி. அதை எழுதாமல் விட்டேன்.

ஏன் விட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். தொண்ணூற்றேழில் புளியந்தோப்பு டீமோடு எங்களுக்கு ஃபைனல். என் காலிலிருந்து நழுவிய பந்துதான் கோல் ஆனது. கோலி முன்னாடியே வெளியே வந்துட்டான் என்று நான் எல்லோரிடமும் சொன்னேன். அத்தாவுல்லா மறுத்துப் பேசவில்லை. அடுத்த ஆட்டத்திலிருந்து அவனை டீமை விட்டு நீக்கிவிட்டார்கள், அதற்குப் பிறகு அவன் எங்கும் ஆடவில்லை. அன்றிலிருந்து தினமும் என்னோடுதான் டீ குடிக்கிறான், ஒரு வார்த்தை கேட்டதில்லை. இன்றைக்கும் அதைக் கேட்கவில்லை.

குழலி தேறிவிட்டாள். நிறுத்தாதீர்கள். மேலே எழுதியதைக் கிழிக்காமலே அனுப்புகிறேன், தீர்ப்புச் சொல்ல யாரை அனுப்பினோம் என்று உங்களுக்குத் தெரியட்டும். பழைய டீம் ஆட்கள் இன்று பத்து மணிக்கு மைதானத்தில் கூடுகிறார்கள். அந்த கோல் யாருடைய தப்பு என்று போய்ச் சொல்லப் போகிறேன். அத்தாவுல்லா வரமாட்டேன் என்றான். "இப்ப சொல்லி இன்னா ஆவப் போவுது வேலா, திரும்ப டீம்ல எடுக்கவா போறானுங்க" என்றான். ஆனால் வீட்டுக்குப் போய்ச் சலவைச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து வாசலில் நிற்கிறான்.