தொண்ணூற்றொன்பதில் நின்ற விதி

ஜோசியர் வீட்டு வரிசை தெருமுனையைத் தாண்டி, அடுத்த தெருத் தையல்கடை வாசல் வரை நீண்டிருந்தது. கைரேகையெல்லாம் பழைய கதையாம். இவர் விதியைக் கணினியில் பார்க்கிறவர். பிறந்த தேதியைத் தட்டினால் திரையில் ஒரு பச்சைப் பட்டை நகரும். நூறைத் தொட்டால் நினைத்தது நடக்கும். நடுவில் நின்றால் பரிகாரம். ஊர் அவருக்கு வைத்த பெயர் பட்டை ஜோசியர். நாமத்தை மட்டும் மரியாதைக்காகச் சொல்லாமல் விட்டிருந்தார்கள். வரிசையில் ஒரு தலைமையாசிரியரும் நின்றார். அறிவியல் பாடம் எடுப்பவர்!

அவருக்குப் பின்னால், அக்காவைத் தாங்கிப் பிடித்தபடி இளையவள் நின்றாள். இணையதளம் கட்டுவது அவள் வேலை. அக்காவுக்குப் பித்தப்பையில் கல். மூன்று வாரத்துக்கு முன்பே டாக்டர் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார். ஜோசியரின் பட்டையோ தொண்ணூற்றொன்பதில் நின்றுவிட்டது. நூறாகும் வரை உடம்பில் கத்தி படக்கூடாதாம். கத்தி படவில்லை. கல்தான் தினமும் குத்தியது.

"இப்படித் துடிக்கிறியே, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்க்கா."

"இன்னும் ஒரே ஒரு சதவிகிதம்தான்டி," என்று முனகினாள் அக்கா.

"நீ சும்மா இரும்மா," என்றார் அக்காவின் மறுபக்கம் நின்ற அத்தான். "ரெண்டு எழுத்து படிச்சிட்டா எல்லாம் தெரிஞ்சிடுமா?"

இளையவளுக்குச் சுருக்கென்றது. போன மாதம் அவளே இப்படி ஒரு பட்டையைச் செய்திருந்தாள். இணையதளத்தில் பக்கம் திறக்க நேரமாகிறது என்று புகார்மேல் புகார். "சரிபண்ண நேரமில்ல, ஒரு பட்டையைப் போட்டு ஓடவிடு," என்றார் மேலாளர். போட்டாள். பக்கம் அதே ஆமை வேகம்தான். ஆனால் புகார் நின்றுவிட்டது! ஏதோ நகர்கிறது என்றால் போதும், மனுஷன் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பான். இது ஜோசியருக்கும் தெரிந்திருக்கிறது.

உள்ளே தரைவரை தொங்கும் துணி போர்த்திய மேஜை. சுவரிலிருந்து ஒரு நீல இன்டர்நெட் வயர் கணினிக்குள் போயிற்று. "மேலேயிருந்து விதி இறங்குற வழி இதுதான்," என்றார் ஜோசியர் கண்ணை மூடிக்கொண்டு. தலைமையாசிரியர் பரிகாரப் பணம் போட்ட கவரை நீட்டினார். மேஜைத்துணி லேசாக அசைந்தது. பட்டை சட்டென்று நூறைத் தொட்டது. இளையவள் திரையைப் பார்க்கவில்லை, துணியைப் பார்த்தாள்.

அடுத்து அக்காவின் முறை. பட்டை கிளம்பியது. பத்து. இருபது. முப்பது.

இளையவள் எட்டி வயரைப் பிடுங்கினாள்.

அறையே "ஐயோ!" என்றது. பட்டை மட்டும் எதையும் கண்டுகொள்ளவில்லை. நாற்பது. எழுபது. வழக்கம்போல் தொண்ணூற்றொன்பதில் போய் நின்றது.

"வயர் என் கையில இருக்குங்க. விதி எந்த வழியா இறங்குது?"

ஜோசியரின் கண் திறந்தது. "அது... அது வயர் இல்லாமலும் வரும்."

"அப்ப இது எதுக்கு, துணி காயப்போடவா?"

பின்னால் யாரோ குபீரென்று சிரித்தார்கள். அதற்குள் இளையவள் மேஜைத்துணியைத் தூக்கினாள். ஜோசியரின் காலடியில், தையல் மெஷின் மிதி மாதிரி ஒரு பொத்தான். செருப்புக் காலால் ஒரு மிதி மிதித்தாள். பட்டை நூறு! 'எண்ணியது ஈடேறும்' என்று திரை மினுங்கியது.

அக்கா திரையைப் பார்த்தாள். பிறகு தங்கையின் செருப்பைப் பார்த்தாள். அவள் முகம் சிவந்தது. "மூணு வாரம்," என்றாள் ஜோசியரிடம். "மூணு வாரமா நான் சாப்பிடல, தூங்கல. உன் கால் கட்டைவிரலுக்காகவா?"

தலைமையாசிரியர் கவரைத் திரும்ப எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையில் நழுவினார். ஜோசியர் பின்வாசல் வழியாக.

மறுநாளே ஆபரேஷன் முடிந்தது. இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் ஆளே மிஞ்சியிருக்க மாட்டாள் என்றார் டாக்டர். அத்தான் கட்டிலருகே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். மெதுவாகத் தொண்டையைக் கனைத்தார்.

"அந்த ஆள் ஃபிராடுதான். ஆனா மார்க்கெட் பக்கம் ஒருத்தர் போன்லயே பாக்குறாராம். அவர் அப்படி இல்லையாம்..."

அக்கா தையல் வலியோடு தலையைத் திருப்பினாள். "கழுத்துக்கு மேல ஒண்ணு வச்சிருக்கீங்களே, அதை என்ன, தலை வாரிக்க மட்டும்தான் வச்சிருக்கீங்களா?"