கொளஞ்சி அக்கரைக்குப் போன விதம்

நெடும்புனல் ஆற்றின் இரு கரையிலும் பரவிக் கிடந்த மேலாழி நாட்டில், கொளஞ்சி என்ற படகோட்டிக்கு ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. வேலை போனவர்களுக்கு அந்நாட்டில் அரிசி கொடுத்தார்கள். அதைப் பெற, திங்கட்கிழமைதோறும் அக்கரை அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அக்கரை போகத் துடுப்புப் போட வேண்டும். துடுப்புப் போட்டால் அவன் வேலை செய்பவன் ஆகிவிடுவான். போடாவிட்டால் வராதவன் ஆகிவிடுவான்.

அவனுக்கு வேலை போனதே ஒரு பாலத்தால்தான். சித்திரை மாதம் அரசர் வந்து ஆற்றங்கரையில் ஒரு திரையை விலக்கினார். உள்ளே கல்வெட்டு இருந்தது. பாலத்தின் நீளம், அகலம், தூண்களின் எண்ணிக்கை எல்லாம் அதில் துல்லியமாக இருந்தன. பாலம் மட்டும் இல்லை. அன்று மாலையே ஆணை வந்தது: "பாலம் திறக்கப்பட்ட ஆற்றில் படகுத் தொழில் நடத்துவது பாலத்தை அவமதிப்பதாகும். ஆகவே அத்தொழில் இன்றோடு ஒழிக்கப்படுகிறது."

படகுத்துறையை நம்பிச் சுண்டல் விற்றவர்கள், மூட்டை தூக்கியவர்கள், வண்டி ஓட்டியவர்கள் என்று நாற்பது பேருக்கும் கூடவே வேலை போயிற்று. முதல் திங்களன்று கொளஞ்சி அவர்கள் எல்லோரையும் படகில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோனான். வேலையின்மைப் பதிவாளர் சபாநாதர் நாற்பது பேரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கடைசியாகக் கொளஞ்சியைப் பார்த்தார்.

"கையைக் காட்டு."

காட்டினான். உள்ளங்கை சிவந்திருந்தது.

"துடுப்பு."

"ஆமாங்கய்யா. இவங்க எல்லாம் அதுலதான் வந்தாங்க."

"இவர்கள் சும்மா உட்கார்ந்து வந்தார்கள். முறையான வேலையற்றவர்கள். நீயோ நாற்பது பேரைச் சுமந்து வந்திருக்கிறாய். இதைவிட நிறைவான வேலை இந்த நாட்டில் யாருக்கு இருக்கிறது?"

"ஒத்தக் காசு வாங்கலீங்களே."

"சம்பளம் இல்லாத வேலையும் வேலைதான். நம் அரசு அதை மிகவும் மதிக்கிறது."

பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே சிவப்புக் கோடு விழுந்தது. மூன்று கோடு விழுந்தால் பெயரே நீக்கப்படும். பிறகு ஆயுளுக்கும் அரிசி கிடையாது. வீட்டில் அவனோடு சேர்த்து ஐந்து வாய்.

அடுத்த திங்கள் அவன் நீந்திப் போனான். சபாநாதர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "இந்த ஆற்றை நீந்திக் கடக்கிறவன் நல்ல திடகாத்திரன். திடகாத்திரனுக்கு ஏது கஷ்டம்?" இரண்டாவது கோடு. அந்த வாரமே புதிய ஆணை வந்தது: ஈரத் துணியோடு அலுவலகத்துக்குள் வரக்கூடாது, தன் கையாலோ பிறர் கையாலோ துடுப்புப் போட்டு வரக்கூடாது. இப்போது அந்த நாற்பது பேரும் மாட்டிக்கொண்டார்கள்.

கொளஞ்சியும் அவன் மனைவி பவளக்கொடியும் ஊர்ச்சபைக்குப் போனார்கள். கஷ்டப்படுகிறவர்களுக்கு அங்கே உடனடி நிவாரணம் உண்டு என்று சுவரிலேயே எழுதியிருந்தது. சபைத் தலைவர் திருவேங்கடத்தார் அவர்களை அன்போடு வரவேற்றார்.

"உடனடியாகத் தருகிறோம். அக்கரையில் கையெழுத்திட்ட சீட்டை மட்டும் கொண்டு வாருங்கள்."

"அந்தச் சீட்டு கையில இருந்தா உங்ககிட்ட எதுக்கு வர்றோம்?" என்றாள் பவளக்கொடி.

"ஏன், பாலத்தில் போய் வாங்கிவர வேண்டியதுதானே?"

"பாலம் எங்க இருக்குன்னு காட்டுங்க, இப்பவே போறோம்."

"அரசிதழில். பதினேழாம் பக்கம்."

"அதுல ஏறி நடந்தா அக்கரை வருமா?"

"வரும் என்றுதான் அம்மா அச்சிட்டிருக்கிறார்கள்."

வீடு திரும்பியதும் கொளஞ்சி ஆற்றங்கரையில் போய் உட்கார்ந்தான். வேலை இல்லாதவனிடம் நேரம் நிறைய இருக்கும். படகு முன்னும் பின்னும் கயிறு போட்டுக் கரையோரம் கட்டிக் கிடந்தது. பின்கயிற்றின் முடிச்சு தளர்ந்து, கயிறு கொஞ்சம் நீண்டது. படகு நீரோட்டத்துக்குச் சாய்வாகத் திரும்பியது. திரும்பியதும், கயிறு விட்ட மட்டும் தானாகவே ஆற்றின் நடுப்பக்கம் நகர்ந்து போயிற்று.

சோறு கொண்டுவந்த பவளக்கொடி நின்றுவிட்டாள். "யாருய்யா அதைத் தள்றது?"

"யாரும் தள்ளல. தண்ணிதான்."

நடந்தது இதுதான். ஓடுகிற நீர் நேராக நிற்கும் படகைக் கீழ்நோக்கி இழுக்கும். சாய்வாக நிற்கும் படகின் விலாவில் மோதும்போது, அதைப் பக்கவாட்டிலும் தள்ளும். கயிறு படகைக் கீழே போகவிடாது. ஆகவே படகுக்குப் போக மிச்சம் இருப்பது ஒரே திசைதான், அக்கரை.

வியாழனன்று நாற்பது பேரும் சேர்ந்து தேங்காய் நாரில் பெரிய வடம் முறுக்கினார்கள். கொளஞ்சி அதன் நுனியை இடுப்பில் கட்டி நீந்திப்போய், அக்கரை மருத மரத்தில் கட்டினான். மறுநுனியை இக்கரை மரத்தில் கட்டினார்கள். வடத்தின் மேல் நழுவி ஓடும் இரண்டு இரும்பு வளையங்கள், அவற்றிலிருந்து படகுக்கு இரண்டு கயிறுகள். இதைப் பார்த்த திருவேங்கடத்தார் தலைநகருக்குக் கடிதம் எழுதினார்: "ஆற்றின் குறுக்கே, நீருக்கு மேலே, இரு கரைகளையும் இணைத்து ஒன்று வந்துவிட்டது. பாலம் என்பது வேறென்ன?"

மூன்றாவது திங்கள் காலை, நாற்பது பேரும் படகில் ஏறி உட்கார்ந்திருந்தபோது பாலத்துறை அமைச்சர் மேளதாளத்தோடு வந்து இறங்கினார். கையில் வெள்ளிக் கத்தரி. நேராக வடத்தருகே போய் அதன் மேல் கத்தரியை வைத்தார்.

"அய்யா! அய்யா! அது நாடா இல்லீங்க!" என்று கொளஞ்சி படகிலிருந்து கரையில் குதித்து ஓடினான்.

"பாலத்தின் இரண்டாம் கட்டத்தைத் திறக்க வந்திருக்கிறேன். திறப்பது என்றால் வெட்ட வேண்டும். வெட்டாமல் எப்படித் திறப்பது?"

"அத வெட்டுனா இந்த நாப்பது பேரும் கடலுக்குப் போயிடுவாங்க."

அமைச்சர் படகைப் பார்த்தார். "அப்படியானால் வேலையில்லாதோர் எண்ணிக்கையில் நாற்பது குறையும்" என்றார் யோசனையோடு.

பவளக்கொடி அதற்குமேல் காத்திருக்கவில்லை. தன் சிவப்புச் சேலையின் முந்தானையில் ஒரு முழத்தைக் கிழித்தாள். வடத்துக்கு எட்டாத தூரத்தில் இரண்டு குச்சி நட்டு அதைக் கட்டினாள். "இது நல்லா வெட்டுப்படும், வாங்கய்யா." அமைச்சர் வந்து வெட்டினார். கைதட்டல் அடங்குவதற்குள், கொளஞ்சியும் ஏறிக்கொண்ட படகு பாதி ஆற்றைத் தாண்டியிருந்தது.

சபாநாதர் கொளஞ்சியின் கையைப் பார்த்தார். சிவப்பு இல்லை. வேட்டியைத் தொட்டுப் பார்த்தார். ஈரம் இல்லை.

"யார் ஓட்டியது?"

"ஆறுங்கய்யா."

ஆற்றின் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா என்று அவர் மூன்று முறை தேடினார். இல்லை. வேறு வழியின்றிப் பேனாவை நீட்டினார். கொளஞ்சி கையெழுத்துப் போட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டான். மாலையில் ஊர்ச்சபை அரிசியை அளந்துபோட்டது.

பாலம் முழு அளவில் இயங்குவதாக அரசிதழ் அறிவித்தது. திங்கள்தோறும் எல்லோரும் அக்கரை போய் வருகிறார்கள். வழிமுறை எளிது. வடத்தை இரு கரை மரங்களிலும் இறுக்கிக் கட்ட வேண்டும். போகிற பக்கத்துக் கயிற்றைக் குட்டையாகவும் மற்றதை நீளமாகவும் விட வேண்டும். திரும்பும்போது மாற்றிக்கொள்ள வேண்டும். மாதம் ஒருமுறை அமைச்சர் திறந்துவைக்க வருவார். அவருக்கான நாடாவை வடத்திலிருந்து ஐம்பது அடி தள்ளிக் கட்ட வேண்டும்.