குழி மாமாவுக்கு நான் கொடுத்த குழவி

மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. தென்காசிப் பக்கத்திலிருந்து ஒற்றைப் பையோடு ஹவுராவில் வந்து இறங்கியவன் நான். வங்காளி தெரியாது, இந்தி தெரியாது, பசி மட்டும் நன்றாகத் தெரியும். அந்த நான்தான் லேக் மார்க்கெட்டில் மெஸ் வைத்தேன். மீன் இல்லாமல் சோறு இறங்காத சனங்களை சாம்பாருக்கு வரிசையில் நிற்க வைத்தேன். மெஸ்ஸுக்கு மேலே மாடி எடுத்தேன். இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தேன். மெஸ்ஸுக்குப் பின் சந்தில் ஒரு சிவன் இருக்கிறார். அவரையும் கொடுத்தவன் நான்தான். அதைச் சொல்ல வேண்டுமானால் குழி மாமாவைச் சொல்லியாக வேண்டும்.

கல்கத்தா முழுக்கத் தேடினாலும் தரையை அவ்வளவு மரியாதையாகப் பார்த்து நடந்த இன்னொரு மனிதர் கிடைக்க மாட்டார். துறைமுகத்தில் ஆபீசராக இருந்து ரிடையர் ஆனவர். சொந்தப் பெயர் வீட்டுக் கதவில் மட்டும் இருந்தது. ஊருக்கு அவர் குழி மாமா. கையில் எப்போதும் ஒரு நீளக் குடை. மழைக்கு அதை விரித்து யாரும் பார்த்ததில்லை. பள்ளத்தில் விட்டு ஆழம் பார்ப்பதற்குத்தான் அது. கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளைக்கு முன்னால் நடந்து, பேண்டு வாத்தியக்காரர்களை இடப்பக்கம் ஒதுக்கிவிட்டவர் அவர் ஒருவர்தான்.

மெஸ்ஸில் டிபன் முடிந்ததும் நேரே வார்டு ஆபீஸ். அங்கே மேஜைக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா பாபு. மாமா கப்பல் பாஷையில்தான் புகார் சொல்வார்: "பாபு, எங்க சந்து முனையில அபாயம். வண்டிக்கு வழி இல்லை. மழை வந்தா ஆழம் கண்ணுக்குத் தெரியாது."

பாபு சிரித்துக்கொண்டே, "ஹோபே, ஹோபே" என்பார். ஆகும், ஆகும் என்று அர்த்தம். எப்போது என்பது அந்த வார்த்தையில் கிடையாது.

மற்றக் குழிகள் மாமாவுக்குப் பொழுதுபோக்கு. சந்து முனைக் குழி அப்படி இல்லை. போன மழையில் முழங்கால் தண்ணீர் நின்றபோது, மாமாவின் எதிர்வீட்டு வங்காளிக் கிழவி, நாங்கள் மாஷிமா என்று கூப்பிடுகிறவள், அதில் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டாள். மாமி காலமான பிறகு மாமாவுக்கு மாலை தேநீர் கொடுத்துவிடுகிற வீடு அது. இப்போது மாஷிமா தடியோடு நடக்கிறாள். அவள் மருமகளுக்கு மாசம் ஏழு. பிரசவத்துக்கு ரிக்ஷா அந்தக் குழியைத் தாண்டித்தான் போக வேண்டும். நாளோ நடு மழைக்காலத்தில்.

"மழைக்குள்ள மூடியாகணும் ஓய்," என்றார் மாமா. "மூடற வரைக்கும் அடையாளம் வைக்கணும். ஆத்துல மணல்மேடு இருந்தா நாங்க மிதவை போடுவோம். அபாயத்தை எடுக்க முடியலைன்னா காட்டவாவது காட்டணும்."

அவர் நட்ட மரக்கிளையை ஆடு தின்றது. உடைந்த நாற்காலியை எவனோ ஒட்டி உட்கார எடுத்துப்போனான். வாளியைக் கேட்கவே வேண்டாம்.

"யாரும் தூக்க முடியாததா ஒண்ணு குடும் ஓய்."

"இருக்கு மாமா. என் குழவி இருக்கு. நாலு ஆளு சேந்தாலும் அசைக்க முடியாது, பாத்துக்கிடுங்க."

மின்சார கிரைண்டர் வந்த பிறகு என் பழைய ஆட்டுக்கல் கொல்லையில் சும்மா கிடந்தது. அதன் குழவியை நானே சுமந்துபோய், கைப்பிடித் துளை கீழே, மழுங்கின உருண்டை மேலே வருமாறு குழியில் நிறுத்தினேன். அபாயம் தெரியட்டும் என்று மாமா அதன் இடுப்பில் சிவப்புத் துணி கட்டினார்.

கறுப்புக் கல். சிவப்புத் துணி. மறுநாள் திங்கட்கிழமை, சிவனுக்கு உகந்த நாள். அது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

விடிந்து போய்ப் பார்த்தால் குழவி மேல் வில்வ இலை, செம்பருத்தி, பால். தடியை ஊன்றி நின்று தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவள் மாஷிமாவேதான். "என்னை விழவைத்த இடத்தில் சிவன் பாபா எழுந்து வந்துவிட்டார், பாருங்கள்!" என்று அழுகிறாள்.

இத்தனைக்கும் அந்த வாரமே, மாமாவின் நடைக்குப் பலனாக, தார் வண்டி வந்துவிட்டது. கூலிகள் இறங்கினார்கள். குழியைப் பார்த்தார்கள். கும்பிட்டார்கள். திரும்பிப் போய்விட்டார்கள்.

"தேவஸ்தானத்தில் எங்களால் தார் ஊற்ற முடியாது," என்றார் பாபு.

மெஸ்ஸில் மாமா இட்லியைத் தொடவில்லை. நான் சொன்னேன்: "இது உளுந்து அரைச்ச கல்லுன்னு சொல்லிருவோம் மாமா. வேலை முடிஞ்சுது."

"மாஷிமாகிட்ட நீர் போய்ச் சொல்லுவீரா? அந்த இடத்தைத் தாண்டறதுக்கு இப்பத்தான் அவளுக்கு பயம் விட்டிருக்கு."

"அப்போ சாமி கனவுல வந்து இடம் மாத்தச் சொல்லிச்சுன்னு விடுங்க."

"பொய் சொல்ல மாட்டேன் ஓய். உள்ளதைச் சொல்லுவேன்."

உள்ளதைத்தான் சொன்னார். மாஷிமா வீட்டு வாசலில் நின்று, "இவர் இருக்கிறது பள்ளத்துல. மழை வந்தா சாக்கடை இவர் தலைக்கு மேல போகும்" என்றார். அவ்வளவுதான். ஒரு கிழவியின் இடுப்புக்கு வராத சந்து, சாமியின் தலைக்குத் திரண்டு வந்தது. மாஷிமா முன்னால் ரிக்ஷாவில், பின்னால் பெண்கள் சங்கு ஊதிக்கொண்டு. மாமா குடையை உயர்த்திப் பிடித்து வழிகாட்டினார். வார்டு ஆபீஸ் மேஜையைச் சுற்றி அத்தனை சங்கும் ஒன்றாக ஊதியபோது, பாபுவின் வாயில் முதல் 'ஹோ' வந்தது, 'பே' வரவில்லை. பெரிய அதிகாரி உள்ளே இருந்து ஓடிவந்தார்.

மறுநாளே ஆட்கள் வந்தார்கள். மெஸ்ஸுக்குப் பின்னால் இருக்கிற அரசமரத்தடியில் சிமெண்ட் மேடை போட்டார்கள். சாமியைத் தூக்கத்தான் முடியவில்லை. ஒருவர் மாறி ஒருவர் கட்டிப்பிடித்துப் பார்த்தார்கள். பாலும் எண்ணெயும் வழுக்கியது. "பாபாவுக்கு இஷ்டமில்லை" என்று பூஜைக்கு வந்திருந்த புரோகிதரே பின்வாங்கினார்.

மாமா என்னைப் பார்த்தார். நான் வேட்டியை மடித்துக் கட்டினேன். லேசாகச் சாய்த்து, அடியில் இருக்கிற கைப்பிடித் துளையில் விரலைக் கொடுத்தேன். வருஷக்கணக்காகப் பிடித்த கல் எனக்கு வராதா? ஒரே தூக்கு. சங்கு முழங்கியது. மேடையில் வைத்துத் திரும்பினால் என் காலில் நாலு பேர். மாமா மட்டும் குடையால் வாயை மறைத்துக்கொண்டு குலுங்கினார்.

அந்த ஆடி மழையில் தண்ணீர் முழங்காலுக்கு நின்றது. மருமகளுக்கு வலி எடுத்தது. ரிக்ஷாக்காரன் இழுக்க, முன்னால் மாமா, பழக்கம் விடாமல் குடையால் தரையைத் தட்டிக்கொண்டே நடந்தார். தார் போட்டு மூடிய சந்து முனை வந்தது. குடை எங்கேயும் இறங்கவில்லை. ரிக்ஷா ஒரு குலுக்கல் இல்லாமல் தாண்டியது. அப்போதுதான் மாமா முதல் முறையாகக் குடையை விரித்து, அந்தப் பெண்ணின் தலைக்குமேல் பிடித்தார். தான் நனைந்துகொண்டே கூட ஓடினார்.

மாமா போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. அந்த மேடையில் இப்போது சலவைக்கல் பதித்திருக்கிறார்கள். தெரு கிளப் பெயர் இருக்கிறது, பெயிண்ட் கொடுத்தவர் பெயர் இருக்கிறது, மணி வாங்கிக் கொடுத்த மிட்டாய்க் கடைக்காரர் பெயரும் இருக்கிறது. குழி மாமா இல்லை. நானும் இல்லை. இது நியாயமா?

கிளப்காரர்களுக்கு நேரிலேயே சொல்லிவிட்டேன், இங்கேயும் எழுதுகிறேன். முதல் வரியில் குழி மாமா. அவருக்கு அடியில் பொடி எழுத்தில், 'கல் உபயம்: மெஸ்காரர்'. தமிழிலேயே வெட்டுங்கள், மாஷிமா படித்து மனசு சங்கடப்பட வேண்டாம். வரிசை மட்டும் மாறக் கூடாது. மாமா பெயர் மேலே இல்லையென்றால், நானே வந்து சாமியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். எங்கே பிடித்துத் தூக்குவது என்று தெரிந்தவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான்.