விமர்சகருக்கு ஒரு பொன்னாடை

"பாட்டெல்லாம் கிழட்டு மாடு அசை போடுகிற மாதிரி இருக்கிறது."

ஞாயிறு பத்திரிகையில் இந்த வரியைப் படித்ததும் நல்லமுத்துவின் மீசை துடித்தது. அவர் மகன் துஷாந்தின் ரெகே குழு 'பெரட்டுக்குப் போகல' என்று ஒரு இசைத்தொகுப்பு வெளியிட்டிருந்தது. அதைப் பற்றிய விமர்சனம்தான் இது. எழுதியவன் 'செவியன்' என்ற புனைபெயரில் ஒளிந்திருந்தான்.

தேயிலைத் தோட்டத்தின் விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பியே தலை நரைத்த கணக்கப்பிள்ளை நல்லமுத்து. அவர் மகன் வைத்த தலைப்பைப் பாருங்கள்! தலைமுடியோ பிரித்துப்போட்ட தேங்காய் நார். அந்தப் பாட்டுகள் நல்லமுத்துவுக்கும் சகிக்கவில்லை. அது வீட்டு விஷயம். 'பெரிய கங்காணி வீரய்யா வம்சத்தில் இப்படி ஒரு சத்தமா?' என்று அச்சில் கேட்பது வேறு. அதுவும் மகள் ஜெயந்தினிக்கு வட்டகொடையில் மாப்பிள்ளை பேசி முடிக்கப்போகிற நேரத்தில்.

"விடுங்க, நாளைக்கே அதுல வடை மடிச்சிருவாங்க" என்றாள் மனைவி மீனம்மா.

"வடை மடிக்கிறதுக்கா எங்க தாத்தா பேரு?"

பத்திரிகைக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்கச் சொன்னார். அடுத்த ஞாயிறு, 'கிழட்டு மாடு: கங்காணி குடும்பம் கொதிப்பு' என்று முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் வந்தது. விமர்சனத்தைத் தவறவிட்டவர்களும் தேடிப் படித்தார்கள்.

மாப்பிள்ளையின் தகப்பனார் சோலைமலை போனில் வந்தார்.

"என்னங்க, பாட்டு அவ்வளவு மோசமா?"

"யாருங்க சொன்னது? எங்க தோட்டமே அதக் கேட்டுக்கிட்டுதான் வேலை செய்யுது."

வாய் தவறி வந்த பொய். கங்காணி குடும்பம் பொய் சொல்லாது. ஆகவே அதை உண்மையாக்கியாக வேண்டும். மறுநாள் கோயில் ஒலிபெருக்கியில் தொகுப்பை ஓடவிட்டார். மலை முழுவதும் ரெகே முழங்கியது. ஆடி அசைந்து வந்த அந்தத் தாளத்துக்குப் பெண்களின் கைகளும் ஆடி அசைந்தன. மத்தியானம் கொழுந்தை எடை போட்டபோது வழக்கத்தில் பாதிகூடத் தேறவில்லை.

மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு மூச்சிரைக்க ஓடிவந்தார். "நிப்பாட்டுங்க! இது பாட்டா, தாலாட்டா? துரை என்னைய உரிக்கிறாரு!"

"இன்னொருக்கா போடுங்கய்யா, இடுப்பு வலியே தெரியல" என்றாள் கொழுந்து பறிக்கும் வேலாயி. தொகுப்புக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். நல்லமுத்து அதைக் காதில் வாங்கவில்லை.

செய்தி வட்டகொடைக்கும் போயிற்று.

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்றோமுங்க" என்றார் சோலைமலை.

நல்லமுத்து கடைசி ஆயுதத்தை எடுத்தார்: ஹட்டனில் மண்டபம் பிடித்து, குத்துவிளக்கு ஏற்றி, வெளியீட்டு விழா. செவியனைப் பத்திரிகை மூலமாகவே அழைத்தார். பொன்னாடை வாங்கிய கையோடு யாரும் மேடையில் ஏசியதாக மலையகத்தில் சரித்திரம் கிடையாது. எழுதியதை அவன் வாயாலேயே வாபஸ் வாங்க வைக்கலாம்.

விழாவில் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் ரெகே தமிழனின் கண்டுபிடிப்பே என்று முழங்கினார். அதை அவர் கேட்டதே இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். துஷாந்தின் முடி தலைப்பாகைக்குள் சிறைப்பட்டிருந்தது. முன்வரிசையில் சோலைமலை குடும்பத்தோடு அமர்ந்திருந்தார்.

"அடுத்து, விமர்சகர் செவியன்!"

மேடையேறியவனைப் பார்த்து நல்லமுத்து திகைத்தார். பஸ் நிலையத்துக்கு எதிரே, போனுக்குக் காசு நிரப்பும் ரீலோட் கடை வைத்திருக்கும் சப்ராஸ்!

"நீங்களா தம்பி?"

"நான்தாங்கய்யா." அவன் வெட்கத்தோடு சிரித்தான்.

பொன்னாடை போர்த்தியாயிற்று. கைதட்டலும் ஓய்ந்தது. நல்லமுத்து ஒலிவாங்கியை இழுத்து, சோலைமலைக்கு நன்றாகக் கேட்கும்படி நிமிர்ந்து நின்றார்.

"தம்பி, சபையில சொல்லுங்க. எங்க வம்சத்தப் பத்தி இப்படியெல்லாம் எழுத ஒங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

சப்ராஸ் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு பணிவாகச் சொன்னான்:

"நீங்கதானேங்கய்யா! எனக்கு ரெகேயப் பத்தி என்னா தெரியும்? ரீலோட் போட வர்றப்பல்லாம் கடையில நின்னு நீங்க ஏசினத, ஒரு வார்த்தகூட மாத்தாம எழுதினேன்."