குண்டுநூலும் பெரட்டு மணிக்கூண்டும்

இந்த உலகத்தில் எதுவுமே நேராக இல்லை என்று கண்டுபிடித்து, அதை முகத்துக்கு நேரே சொன்ன ஒரே மனிதர் எங்கள் தேயிலைத் தோட்டத்து மேசன் குண்டுநூல்தான். சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் நூலும் இரும்புக் குண்டும் எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். பெயர் அதனால் வந்தது. கல்யாண வீட்டில் பந்தற்காலுக்கு நூல் பிடித்தவர், அதோடு விடாமல் மாப்பிள்ளைக்கும் பிடித்தார். சாவு வீட்டில் பெட்டி ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று தூக்கினவர்களை நிறுத்திவைத்தார். அவருக்கே ஒரு கால் குட்டை. இடது பக்கம் சாய்ந்துதான் நடப்பார். அதைச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை.

கொழுந்து நிறுக்க நின்ற என்னையும் ஒருநாள் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, ரெண்டு வெரக்கடை சாயுற. கூடைக் கயித்த ஒரு முடிச்சு தளத்து."

வெட்கமாகப் போய்விட்டது. தளர்த்தினேன். பல வருசத்துக் கழுத்துவலி போய்விட்டது. அதையும் அவரிடம் சொன்னதில்லை.

பெரட்டு மணிக்கூண்டு நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்கு நேர் மேலே, மேட்டில் நிற்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில், காலையில் ஆட்களைப் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்கிற இடத்துக்கு, கூப்பிட மணியடித்த கற்கோபுரம். ஒரு பெருமழையில் அது லயத்தின் பக்கம் சாய்ந்தது. விழுந்தால் பத்துக் குடும்பத்துக் காம்பராவும் போய்விடும். எங்களுக்கு வேறு இடம் கிடையாது. பள்ளிக்கூடத்துச் சீமெந்துத் தரையில் படுத்துக்கொண்டு, எப்போது அந்தச் சத்தம் கேட்குமோ என்று கிடந்தோம்.

கொழும்பிலிருந்து வந்த இஞ்சினியர் கோபுரத்தை இரும்புக் கயிற்றால் மேட்டுப் பக்கம் இழுத்துக் கட்டினார். அதுவரை சரி. பிறகு சாய்ந்த பக்கத்துக்கு முட்டுக் கொடுக்காமல், மேட்டுப் பக்கத்து அடிமண்ணைக் குழாய் விட்டு உருவத் தொடங்கினார். நன்றாக இருக்கிற பக்கத்தையும் தோண்டுகிறாரே என்று நாங்கள் அழுதோம். குண்டுநூல் நியாயம் கேட்கப் போனார்.

"தாழ்ந்த பக்கம் கை வச்சா மொத்தமா விழுந்துரும்," என்றார் இஞ்சினியர். "ஒசந்த பக்கத்துல கொஞ்சங் கொஞ்சமா மண்ண எடுத்தா, அது தானா பின்னால ஒக்காரும்."

குண்டுநூல் சட்டைப்பையிலிருந்து நூலை எடுத்தார். "சரிங்க. ஆனா நூலு நாந்தான் பிடிப்பேன்."

இஞ்சினியரிடம் கருவி இருந்தது. இவர் அதை நம்பவில்லை. நெஞ்சில் சளியும் தலையில் உரப்பையுமாக மூன்று மாதம் கோபுரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து, இன்றைக்கு ஒரு நெல் அளவு திரும்பியிருக்கிறது என்பார். சில நாள் அரை நெல். அடைமழை பெய்த ஒருநாள் எதுவும் சொல்லாமல் போனார். அன்றைக்கு யாரும் உலை வைக்கவில்லை.

நான்கு விரற்கடை மிச்சம் இருக்கும்போதே இஞ்சினியர் வேலையை நிறுத்திவிட்டார். இனி விழாது, இது போதும் என்றாராம். குண்டுநூல் சண்டை போட்டுப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"வீட்டுக்குப் போங்க. சாஞ்சுதான் நிக்கிது. ஆனா விழாது."

சாய்ந்த ஒன்றை அவர் மன்னித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அடுத்த மாதம் அந்தச் சளியிலேயே போய்விட்டார்.

அவருக்கு ஆள் இல்லை. புதைத்த இடத்தில் தோட்டத்தார் ஒரு கல் வைத்தார்கள். முதல் மழைக்கே அது சாய்ந்துவிட்டது. அவருடைய நூலை யாரும் கேட்கவில்லை. நான்தான் முந்தானையில் முடிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போய், கல்லின் மேட்டுப் பக்கத்தில் ஒரு கரண்டி மண் எடுப்பேன். நூல் பிடித்துப் பார்ப்பேன். இப்போது ஒரு நெல்தான் மிச்சம். அதை எடுக்காமல் வைத்திருக்கிறேன். எடுத்துவிட்டால், அங்கே போக எனக்கு வேறு சாக்கு இல்லை.