சந்தேகமும் சாய்ந்த எழுத்துகளும்

“எஸ்.எஸ்.எல்.சி. படிச்ச புள்ளைன்னா எழுத்தத் திருடவும் தெரிஞ்சிருக்குமே?”

கொடைக்கானலில் ஓர் அச்சகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, அச்செழுத்து கோக்கும் கம்பாசிட்டர் கேட்ட முதல் கேள்வி இது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பண்ணைக்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் அப்பா, என் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். அவர் மகளிடம் இப்படியொரு கேள்வி!

அந்தக் கம்பாசிட்டரின் பெயர் யாருக்கும் தெரியாது. ஊருக்கு அவர் ‘சந்தேகம்’. பழனி மலை முழுக்கத் தேடினாலும், மூடுபனியே வேவு பார்க்க வருகிறது என்று நம்பிய இன்னொரு மனிதர் கிடைக்க மாட்டார்.

எல்லாம், முதலாளி சென்னையிலிருந்து வாங்கி வந்த ஒரு பெட்டி மர எழுத்துகளால் வந்தது. சுவரொட்டிக்கான ஆங்கில எழுத்துகள். உள்ளங்கை அகலம், நல்ல தடிமன். மற்ற எழுத்துகளுக்கு முனையில் இருக்கும் சின்னச் சின்னக் கால்கள் இவற்றுக்குக் கிடையாது. தாளில் அடித்தால், எதிர்க்காற்றில் நடப்பவர்களைப் போல வலப்பக்கம் சாய்ந்து நிற்கும்.

“நேரா நிக்காத எழுத்து ஓடத்தான் பாக்கும்,” என்பார் சந்தேகம். பனியில் மரம் உப்பிவிடுமென்று தன் கம்பளியை அவற்றுக்குப் போர்த்திவிட்டுத் தான் நடுங்குவார். வெளியே போகிறவர்கள் குடையை உதறிக் காட்ட வேண்டும். பாதிரியாருக்கும் விலக்கில்லை. “கோவிச்சுக்காதீங்க சாமி. நீங்க வேற, கொடை வேற.”

முதலாளி எனக்கு வைத்த சோதனை இதுதான்: சீசனின் முதல் சுவரொட்டி குறையில்லாமல் போனால் வேலை நிரந்தரம். இல்லையேல் காப்பித் தோட்டம். ஓர் ஓட்டலுக்கு ஆங்கிலத்தில் ‘ஃபிளவர் ஷோ’ என்று பெரிதாக வேண்டும். இரண்டு வார்த்தையிலும் டபிள்யூ உண்டு. பெட்டியில் இருந்ததோ ஒன்றுதான்.

“ரெண்டு கெடந்துச்சு! நேத்துப் பாத்தேன்!” என்று என்னை முறைத்தார் சந்தேகம். பிறகு, “டீக்கடைக்காரனும் காலையில இங்க எட்டிப் பாத்தான்,” என்று அங்கே சோதனை போடக் கிளம்பினார்.

நான் ஓர் எம்மை எடுத்துத் தலைகீழாக நிறுத்தினேன். கால் இல்லாத எழுத்தல்லவா, அசல் டபிள்யூ ஆகிவிட்டது. சாய்வும் அதே பக்கம். மை தடவி முதல் தாளை இழுத்தேன்.

திரும்பி வந்தவர் தாளைப் பார்த்துக் கூவினார்: “பாத்தீங்களா மொதலாளி! நான் அங்கிட்டுப் போனதும் டபிள்யூ வந்துருச்சு. இவதான் ஒளிச்சு வச்சிருக்கா!”

முதலாளியின் முகம் மாறியது. வேலை கைநழுவுவது கண்ணெதிரே தெரிந்தது. எழுத்துகளை இறுக்கியிருந்த சட்டத்தைத் தளர்த்தி அந்த எழுத்தை எடுத்தேன்.

“வெரசா கையை நீட்டுங்கண்ணே.”

அவர் உள்ளங்கையில் அதைத் திருப்பி வைத்தேன். எம். அவர் தலைகீழாகத் திருப்பினார். டபிள்யூ. மறுபடி திருப்பினார். எம். முதலாளி சிரித்தேவிட்டார்.

“புள்ளைக்கு வேலை நிரந்தரம்யா.”

“அது சரிங்க. இப்பிடி ஆள் மாறுற எழுத்த எப்பிடி நம்புறது?” என்றார் சந்தேகம். அன்றே எம்களைத் தனியாகப் பூட்டி வைத்தார்.

ஆனால் வேறு யாராவது என்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசினால் சீறுவார்: “அந்தப் புள்ளையச் சந்தேகப்பட நான் இருக்கேன். நீ ஒஞ் சோலியப் பாரு!”

வருஷம் பல ஓடி, போன மாதம் வத்தலக்குண்டில் சொந்தமாக ஓர் அச்சகம் திறந்தேன். பார்வை மங்கிவிட்டதென்று சந்தேகத்தைப் பழைய அச்சகத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகக் கேள்விப்பட்டதும், மறுநாள் வெள்ளனே பஸ் ஏறிப் போய்க் கூட்டி வந்துவிட்டேன். அவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் அது எனக்கு அச்சகமாகவே தெரிகிறது.